மேடைப் பேச்சு

காடாம்புலியூர் போன்ற முந்திரிக்காட்டுக் கிராமங்களில் கூட்டம் கேட்க வருகிறவர்கள், பகலெல்லாம் கொட்டை உடைத்த பெண்களும் கூலிக்காரர்களுமே ஆவார்கள். தூக்கத்தை விட்டு வந்து மண்ணில் உட்காருகின்ற அவர்கள் முன் நமது பிரசங்கிகள் பேசும் மாதிரியைப் பற்றிச் சிறிது எழுத வேண்டியிருக்கின்றது.

சிலர் எழுதிவந்து படிக்கின்றார்கள். சட்டசபையில் வரவு செலவுக் கணக்குக்கு அது சரி. மேடையிலோ, முகம் காகிதத்தில் இருப்பதால் கூட்டம் தூங்குவதுகூடத் தெரிவதில்லை. சிலர் நெட்டுருப் போட்டு வருகின்றார்கள். இது வேதபாராயணத்துக்கு அடுத்த வீடு. நடுவில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டால், அறுந்த இடத்தை முடியத் தெரியாமல் தலைவர் முகத்தைப் பார்க்கின்றார்கள். வேறு சிலர் யாதொரு ஆயத்தமுமின்றி ஏறி வாய்க்கு வந்ததைக் கொட்டுகின்றார்கள். அதில் பெருமை வேறு!

நிற்க, இப்பிரசங்க முறை நமது ஆதிகாலத்துச் சொத்து என்று யாரும் கருத வேண்டாம். பாதிரிமார் செய்ததைப் பார்த்தே யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரிமாரை மறுக்கப் பாதிரிமார் முறையே உதவிற்று. பின்னர் திரு.வி.க. நல்ல தமிழை மேடையேற்றினார். அண்ணாதுரை அடுக்குமொழியால் வாலிபர்களை இழுத்தார். அவரிடம் விஷயமும் இருந்தது. அவரைப் பார்த்துப் பேசினவர்கள் பலரிடம் அடுக்கு மாத்திரமே மிஞ்சிற்று.

பெரியாரோ திண்ணையில் பேசுவதுபோல் மணிக்கணக்காய்ப் பேசினார். இலக்கணம் பார்க்கவில்லை. தாம் சொல்வதாலேயே நம்பிவிடக் கூடாதென்றார். துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளுக்கும் பதில் சொன்னார். அவர் பேச்சு எதிரிகளுக்கும் நன்றாய் விளங்கிற்று என்பதற்கு, 1944-இல் கடலூரில் அவர்மீது வீசப்பட்ட செருப்பே சாட்சி. 1973 டிசம்பர் 19-இல், சாவதற்கு ஐந்து நாள் முன்பு, சென்னை தியாகராய நகரில் வலியால் துடித்துக்கொண்டே பேசினார்.

ஆகவே வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவதென்னவென்றால், நான்கைந்து தலைப்புகளை ஒரு சிறு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரம், தேதி இவைகளை மாத்திரம் எழுதிவைத்துப் படியுங்கள். மற்றதை ஜனங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள். அரை மணியில் முடித்து, அடுத்த அரை மணியைக் கேள்விக்கு விடுங்கள். பெண்கள் பக்கமும் சீட்டு அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர் வாயாலேயே கேட்கட்டும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டுமாதலால், கூட்டம் கூட்டுகிறவர்கள் பொன்னாடைகளையும் வரவேற்புரைகளையும் குறைத்தாவது அந்த அரை மணியைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.