விரல் சொன்ன சேதி

இந்த வாரம் எனக்குக் கோபம். புக்கிட் ரோத்தானில் ஒரு கல்யாணப் பந்தியில், நாலு நாளாய்க் காய்ச்சலும் இருமலும் என்றார் பக்கத்தில் இருந்தவர். கோவிட் பார்த்தீர்களா என்றேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க, இப்ப யாரு பாக்குறா?" என்றார். அவருக்கு அந்தப் பக்கம், சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ள அவருடைய அம்மா.

2021 செப்டம்பரில் சுயபரிசோதனைக் கருவிக்கு அரசாங்கம் 19 வெள்ளி 90 காசு உச்சவிலை வைத்தது. அன்று வாங்கி அடுக்கினோம். இன்று வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

சோதனை என்ற பேச்சு வந்தாலே என் கை மால்கம் வாட்சனின் மலேரியா தடுப்பு நூலுக்குப் போய்விடும். 1911இல் வந்த புத்தகம் அது. 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்த வாட்சன், பிறகு தோட்டம் தோட்டமாய்ப் போனார். பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பார். மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருந்தால் கையில் தட்டுப்படும். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்று தோட்டவாரியாக எழுதி வைத்தார். கடலோரத் தோட்டங்களில் சதுப்பு நீரை வடித்ததும் காய்ச்சல் இறங்கியது. குன்றுப் பக்கம் அதே திறந்த வடிகால் பலிக்கவில்லை. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வேறொரு கொசு வளர்ந்தது. வடிகால் பலிக்காததையும் விரல்தான் காட்டிக் கொடுத்தது. அங்கே நிலத்தடிக் குழாய்க்கு மாறினார்கள். சோதனைக்குப் பின் செய்ய வேலை இருந்தது. அதனால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு.

பந்தியில் பார்த்த அந்த அம்மாவுக்குக் கோவிட் தொற்றினாலும் செய்ய வேலை இருக்கிறது. பாக்ஸ்லோவிட் போன்ற கோவிட் மாத்திரையை அறிகுறி கண்ட 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று டாக்டர் பார்ப்பதற்கும் நேரம் வேண்டும். மகனைப் போல அவருக்கும் நாலு நாள் சும்மா கழிந்தால் என்ன மிச்சம்?

கருவியில் ஒரே கோடு வந்தால், அதாவது கோவிட் இல்லை என்று காட்டினால், நிம்மதியாய்ப் படுத்துவிடவும் கூடாது. முதல் நாளில் கோவிட் பிடிபடாமல் போகலாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அது கோவிட் இல்லையென்றால், நம் சிலாங்கூரில் டிங்கி இருக்கிறது. காய்ச்சல் விடுகிற நாளில்தான் டிங்கி ஆளைச் சாய்க்கும். செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு எலிக் காய்ச்சலும் வரும். இவற்றுக்குக் கோவிட் கருவியிடம் பதில் கிடையாது.

ஒவ்வொரு தும்மலுக்கும் சோதிக்கச் சொல்லவில்லை. முதியவரோ நாள்பட்ட நோயாளியோ இருக்கும் வீட்டில் காலாவதியாகாத இரண்டு கருவி இருக்கட்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், கருவி என்ன காட்டினாலும் சரி, ரத்தம் பார்க்கக் கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.