வாய்தா வாங்கும் வக்கீலா? பணத்தைக் கட்டச் சொல்லும் வக்கீலா?

அம்பத்தூரிலோ கிண்டியிலோ ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டும் பையனுக்குக் கை நசுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையே பதறும். முதலாளியே ஆட்டோவில் ஏறி உட்காருவார். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவார். "பயப்படாதேப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று பையனின் அம்மாவிடமும் சொல்வார். அதெல்லாம் நடிப்பு அல்ல. உண்மையாகவே சொல்வார்.

மூன்றாம் நாள்தான் யாரோ ஒருவர் அவர் காதில் ஓதுகிறார். "சும்மா இருக்காதீங்க சார். ஒரு வக்கீலைப் பாத்துடுங்க."

பார்க்க வேண்டியதுதான். ஆனால் எப்படிப்பட்ட வக்கீலை? அந்தப் பையனுக்குப் பணம் ஆறு மாதத்தில் கிடைக்குமா, ஆறு வருஷத்தில் கிடைக்குமா என்பது பாதி அதில்தான் இருக்கிறது. முதலாளி பட்டறையை நடத்துவாரா, விற்பாரா என்பதும் சில சமயம் அதில்தான் இருக்கிறது.

நஷ்டஈட்டுக் கேசில் முதலாளி பக்கம் ஆஜராகும் வக்கீல் என்றாலே, ஏழை வயிற்றில் அடிப்பவர் என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை அல்ல. நல்ல வக்கீல் இருந்தால் தொழிலாளிக்குச் சீக்கிரம் பணம் கிடைக்கும். மோசமான வக்கீல் வந்தால் தொழிலாளியோடு சேர்த்து முதலாளியையும் முழுகடிப்பார். அதுவும் பீஸ் வாங்கிக்கொண்டு!

100 வருஷத்துச் சட்டம்

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது 1923-ல். 1924 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், நூறு வருஷத்தைத் தாண்டி நின்றது. 2025 நவம்பர் 21-ந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபோது இதன் இடத்தை அது எடுத்துக்கொண்டது. ஆனால் எலும்புக்கூடு பழையதுதான். வேலையால், வேலை நேரத்தில் விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பு. யார் மேல் தப்பு என்பது அடுத்த பேச்சு.

இதுதான் பல முதலாளிகளுக்குப் புரிவதில்லை. "என் மேல என்ன சார் தப்பு? அவன்தானே கையை உள்ள விட்டான்?" என்று கேட்பார்கள். சட்டம் அந்தக் கேள்வியையே பெரிதாக மதிப்பதில்லை. குடித்துவிட்டு வேலை செய்தான், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினான், மிஷினின் காவல் தகட்டை வேண்டுமென்றே கழற்றினான் என்றால் தப்பிக்க இடம் உண்டு. ஆனால் ஆள் இறந்துவிட்டாலோ, இனி எந்த வேலைக்கும் லாயக்கில்லாமல் போய்விட்டாலோ அந்த வாதமும் செல்லாது.

தகட்டைக் கழற்றச் சொன்னது யார் என்பது வேறு சங்கதி. உற்பத்தி வேகமாகப் போகவேண்டும் என்று சூப்பர்வைசரே கழற்றச் சொல்வதும் உண்டு. நல்ல வக்கீல் இதை முதலாளியிடம் தனியறையில் கேட்டுவிடுவார். மோசமான வக்கீல் கேட்காமலேயே எதிர் மனுவில் எழுதிவிடுவார். அப்புறம் குறுக்கு விசாரணையில் சூப்பர்வைசர் திருதிருவென்று விழிப்பார்.

"அவன் என் ஆளே இல்லை"

இந்த வகைக் கேசுகளில் சர்வ சாதாரணமாக வரும் எதிர் வாதம் இதுதான். "அவர் எங்கள் தொழிலாளியே அல்ல." பத்து வருஷம் அதே மிஷினில் நின்றவர், விபத்து நடந்த அன்றைக்கு மட்டும் வழிப்போக்கர் ஆகிவிடுகிறார்!

இந்தப் பொய் நிற்காது. போலீசார் எழுதிய முதல் தகவல் அறிக்கையில் முதலாளியே "என் பட்டறையில் வேலை செய்பவர்" என்று சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரிச் சீட்டில் பட்டறைப் பெயர் இருக்கும். தீபாவளி போனஸ் நோட்டில் கையெழுத்து இருக்கும். காண்டிராக்டர் ஆள் என்று சொன்னாலும் பயன் இல்லை. பிரதான முதலாளிதான் முதலில் கொடுக்க வேண்டும். காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு.

சம்பளத்திலும் இதே கூத்து. கையில் கொடுப்பது 18 ஆயிரம். ரிஜிஸ்டரில் 9 ஆயிரம். பழைய சட்டத்தில் 2020 ஜனவரி முதல் மாதச் சம்பளம் ரூ.15 ஆயிரம் வரைதான் கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 15 ஆயிரமாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த 15 ஆயிரத்தையும் 9 ஆயிரமாக்கப் பார்ப்பவர்களுக்கு வக்கீல் சொல்ல வேண்டியது ஒன்றுதான். "வேண்டாம் சார், மாட்டிக்குவீங்க."

முதல் கேள்வி

அனுபவப்பட்ட வக்கீல் கேட்கும் முதல் கேள்வி வேறு. "இ.எஸ்.ஐ. கட்டுறீங்களா?"

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21 ஆயிரம் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்பது 2017 முதல் இருந்துவரும் வரம்பு. ஒழுங்காகக் கட்டியிருந்தால் இந்த நஷ்டஈட்டுக் கேசே முதலாளி மேல் வராது. இறந்தவர் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ.யே சம்பளத்தில் 90 சதவீதக் கணக்கில் மாதாமாதம் கொடுக்கும். மாதம் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்தவர், ஒரே நாளில் லட்சக்கணக்கில் அழுகிறார். விபத்து நடந்த மறுநாள் காலையில் பெயரைப் பதிவு செய்ய ஓடுபவர்களும் உண்டு. பதிவு செய்த தேதியைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஸ்டாம்பு பேப்பர் வைத்தியம்

ஆள் இறந்துவிட்டால் இன்னொரு வேலை நடக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாலு பெரியவர்களை வைத்துப் பேசி, விதவையிடம் ஒன்றோ இரண்டோ லட்சத்தைக் கொடுத்து, "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்து வாங்குவது. கைநாட்டு என்றால் இன்னும் நிம்மதி.

"செட்டில் பண்ணிட்டேன் சார்" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

"யார்கிட்ட கட்டினீங்க?"

"அந்தம்மா கையிலதான் சார், ரொக்கமா."

"அது நஷ்டஈட்டுக் கணக்குல வராதுங்க."

முதலாளிக்குத் தலை சுற்றும். ஆனால் சட்டம் அப்படித்தான். மரண நஷ்டஈட்டை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். சென்னையில் பல காலமாக தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறை ஆபீசுக்குத்தான் இதற்காக ஆட்கள் நடந்தார்கள். அதிகாரிதான் விதவைக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, வயதான தாய்க்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். சின்னப் பிள்ளைகள் பங்கை பாங்கியில் போட்டு வைப்பார். மைத்துனனோ மாமனாரோ அமுக்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. நேரில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணமாகக் கழித்துக்கொள்ளலாம். மீதி போனது போனதுதான். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது.

இதை முன்கூட்டியே சொல்லி, முதலாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பணத்தைக் கட்டவைக்கும் வக்கீல், இரண்டு குடும்பங்களுக்கு நல்லது செய்கிறார்.

ரூ.9,800 கதை

பணத்தைக் கட்டாமல் இழுத்தால் என்ன ஆகும்? 50 வருஷத்துக்கு முந்திய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1968 ஜூலையில், ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை எடுத்துவிட்டார்கள். நஷ்டஈடு ரூ.9,800 என்று அதிகாரி சொன்னார். பணம் கட்டாததற்கு 50 சதவீதம் அபராதம், 6 சதவீதம் வட்டி. எல்லாம் சேர்த்து ரூ.15,092.

முதலாளி சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். ஒரு கைதானே போனது, முழு ஊனம் எப்படி என்றது ஒரு வாதம். அதிகாரி தீர்ப்புச் சொன்ன பிறகுதானே பணம் கட்டவேண்டும், அபராதம் ஏன் என்றது இன்னொன்று. 1975 டிசம்பரில் இரண்டையும் கோர்ட்டு தள்ளியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அது முழு ஊனம்தான். விபத்து நடந்த நாளிலேயே பணம் கடன் ஆகிவிட்டது. அதிகாரி சொல்லும் நாள் வரை காத்திருக்கும் பேச்சே இல்லை.

ரூ.9,800-க்காக டெல்லி வரை! வக்கீல் பீஸ் எவ்வளவு ஆகியிருக்கும் என்பது அந்த முதலாளிக்குத்தான் வெளிச்சம்.

அபராத விஷயத்தில் இன்னொரு அடியும் உண்டு. நஷ்டஈட்டையும் வட்டியையும் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கலாம். ஆனால் வண்டி விபத்துக் கேஸ் ஒன்றில் 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி, அபராதம் முதலாளி பாக்கெட்டில் இருந்துதான் வரவேண்டும். "இன்சூரன்ஸ்காரன் பாத்துக்குவான்" என்று லாரி ஓனர்கள் தூங்க முடியாது. ஐகோர்ட்டுக்கு அப்பீல் போவதாக இருந்தாலும், முதலில் பணத்தைக் கட்டிய சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும்.

எதிர்க்கவே கூடாதா?

கூடும். எல்லாக் கேசும் நியாயமான கேஸ் என்று சொன்னால் அது பொய். இரண்டு விரல் போனால் 20 சதவீதம், கட்டை விரல் முழுசும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுசும் போனால் 14 என்று பழைய சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 25 வயது, 15 ஆயிரம் சம்பளம், ஆள்காட்டி விரல் என்றால் கணக்குப்படி சுமார் ரூ.2 லட்சத்து 73 ஆயிரம். அதற்கு எங்கிருந்தோ 60 சதவீதம் என்று டாக்டர் சர்டிபிகேட் வந்தால், அந்த டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது வக்கீலின் கடமை. வீட்டு மாடியில் விழுந்ததைப் பட்டறையில் விழுந்ததாக எழுதினாலும் கேட்க வேண்டும். டூட்டியில் மாரடைப்பு வந்தது என்றால், வேலைப்பளுவுக்கும் சாவுக்கும் தொடர்பு இருந்ததா என்று சாட்சியம் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் கேஸ் பிடிக்கும் புரோக்கர்களுக்கு இதுதான் மருந்து.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் இப்போது இந்தக் கணக்கில் வருகிறது. மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-ல் அதிகாலை டூட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது இறந்தார். அவர் குடும்பத்துக்குச் சாதகமாக சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2025 ஜூலையில். 22 வருஷம்! புதிய சட்டத் தொகுப்பிலேயே, வேலையோடு தொடர்பு இருந்தால் போக்குவரத்து விபத்தும் வேலை விபத்துதான் என்று எழுதிவிட்டார்கள். மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டும், பைக்கில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்தும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கடை முதலாளிக்கும் சின்ன விஷயம் அல்ல. கடை திறப்பது எத்தனை மணிக்கு, பையன் எந்த வழியாக வருவான் என்று நோட்டில் இருக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆனால் எதிர்ப்பது வேறு, இழுப்பது வேறு. எந்த அளவுக்குப் பொறுப்பை ஒத்துக்கொள்கிறாரோ அந்த அளவு பணத்தை முதலாளி உடனே கட்ட வேண்டும், மீதிக்குச் சண்டை போடலாம் என்று 1923-ம் வருஷச் சட்டத்திலேயே வழி இருந்தது. அந்த வழியில் போனவர்கள் குறைவு. வாய்தாதான் அதிகம். சீனியருக்கு உடம்பு சரியில்லை, ரிஜிஸ்டர் ஆடிட்டரிடம் இருக்கிறது, சாட்சி ஊருக்குப் போயிருக்கிறார். விதவை காலையில் கைக்குழந்தையோடு வந்து, மத்தியானம் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போவார்.

ஒவ்வொரு வாய்தாவின்போதும், அன்றுவரை ஏறிய வட்டியை அதிகாரி ஒரு வரி எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கட்டும். வக்கீலிடம் அல்ல, முதலாளியிடம்! 30 வயதில், 15 ஆயிரம் சம்பளத்தில் ஒருவர் இறந்தால் பழைய சட்டப்படி நஷ்டஈடு ரூ.15 லட்சத்து 59 ஆயிரத்து 850. மூன்று வருஷம் இழுத்தால் 12 சதவீத வட்டி மட்டும் ரூ.5 லட்சத்து 61 ஆயிரத்து 546. அபராதம் 50 சதவீதம் வரை போட்டால் எல்லாம் சேர்த்து ரூ.29 லட்சத்தைத் தாண்டும்.

ஒரு மாத வாய்தாவுக்கு ஏறும் வட்டி ரூ.15 ஆயிரத்து 598. இறந்தவர் உயிரோடு இருந்தபோது ஒரு மாதம் முழுக்க உழைத்து வாங்கிய சம்பளத்தைவிட அது 598 ரூபாய் அதிகம்.