எத்தனை ஆண்டுகள் என்பதல்ல கேள்வி

தசைச்சிதைவு நோய் கொண்ட மகனை அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “இன்னும் எத்தனை வருஷம், டாக்டர்?” இராஜபாளையத்திலிருந்து வந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பையன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவன் தலைக்கு மேலாக நானும் பலமுறை விடை சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. அதை உணர்த்தியவர், நான் ஒருபோதும் சந்தித்திராத ஒரு நார்வே நாட்டு இளைஞர்.

மாட்ஸ் ஸ்டீன் 1989இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அவருக்கு டுஷேன் வகைத் தசைச்சிதைவு நோய் இருப்பது தெரிந்தது. நடை நின்றது, கைகள் தளர்ந்தன, இறுதி ஆண்டுகளில் விரல்களை மட்டுமே அசைக்க முடிந்தது. நாளின் பெரும்பகுதியை அவர் கணினி விளையாட்டில் கழித்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை, அவன் வாழ்க்கை அறைக்குள் முடிந்துபோயிற்று என்று பெற்றோர் வருந்தினர். 2014 நவம்பரில், தம் 25ஆம் வயதில், மாட்ஸ் மறைந்தார். அவர் எழுதிவந்த வலைப்பூவில் தந்தை அச்செய்தியை வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன.

அந்த விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் ஒரு நட்பு வட்டத்தின் நடுநாயகமாக இருந்திருக்கிறார். தன் மகனுடன் நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு வழி சொல்லியிருக்கிறார். ஒரு தோழியின் கணினியை அவளுடைய பெற்றோர் பறித்தபோது, அவளுக்காக அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இறுதிச் சடங்குக்கு அந்த நண்பர்களில் சிலர் வேறு நாடுகளிலிருந்தும் வந்தனர். பெற்றோர் அறியாத ஒரு முழு வாழ்க்கையை மகன் வாழ்ந்து முடித்திருந்தான். 2024இல் இது ஆவணப்படமாகப் பலரையும் சென்றடைந்தது.

இத்தகைய வாழ்க்கைக்கு நார்வேவரை போக வேண்டியதில்லை. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருக்கும் இந்நோய் வந்தது. அவர்கள் முடங்கிவிடாமல் ‘ஆதவ் அறக்கட்டளை’யைத் தொடங்கி, தங்களைப் போன்றோருக்கு இயன்முறைச் சிகிச்சை கிடைக்கச் செய்தனர். 2017 ஜனவரியில் வானவன் மாதேவி மறைந்தபோது அவர் இளம் வயதினர்தாம். எனினும், அவரை நினைவுகூர்வோர் அவர் செய்தவற்றைத்தான் பேசுகிறார்கள், இழந்தவற்றை அல்ல.

குணப்படுத்த முடியாத நோய் என்பதும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் வேறுவேறு. டுஷேன் வகையில் ஸ்டீராய்டு மாத்திரைகள் நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன. அவற்றை மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. இந்நோய் இதயத் தசையையும் பாதிக்கும். ஆகவே மூச்சுத்திணறல் வரும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும். காலைத் தலைவலி, கலைந்த உறக்கம், பகலில் தூக்கக் கலக்கம் ஆகியவை இரவில் மூச்சு போதவில்லை என்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். முகமூடி வழியாக இயங்கும் மூச்சுக்கருவி அப்போது பெரிதும் உதவும். முறையான கவனிப்புடன் இன்று பலர் முப்பது வயதைத் தொடுகிறார்கள், கடக்கவும் செய்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “உன் வழியில் வந்த நோய்” என்ற பழிச்சொல்லோடு இங்கு வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மரபணுவில் நேரும் மாற்றம் எவருடைய குற்றமும் அன்று. டுஷேன் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது தாயிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. மரபணுப் பரிசோதனை பழி சுமத்துவதற்கன்று. அடுத்த குழந்தையைப் பற்றித் தெளிவோடு முடிவெடுப்பதற்கே.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளுள் தசைச்சிதைவு நோயும் ஒன்று. தமிழ்நாடு அரசு இந்நோயாளிகளுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் வழங்குகிறது. அடையாள அட்டையைத் தாமதமின்றிப் பெறுங்கள். நடை நின்றுவிட்டது என்பதற்காகப் பள்ளியை நிறுத்தாதீர்கள். வகுப்பறை மாடியில் இருந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை.

எல்லாப் பையன்களும் மாட்ஸைப் போல் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதனை செய்தால்தான் வாழ்வுக்கு மதிப்பு என்பது இக்குழந்தைகள் மீது நாம் ஏற்றும் இன்னொரு சுமை. ஆடித் தேரைப் பார்க்க விரும்பினால் கூட்டத்துக்கு அஞ்சி வீட்டில் விட்டுச் செல்லாமல் அழைத்துப் போங்கள். கைப்பேசியிலேயே கிடக்கிறான் என்று கடிந்துகொள்ளும் முன், அங்கே யாருடன் பேசுகிறான் என்று அன்போடு கேளுங்கள். கேட்டால் நமக்குத் தெரியாத மகன் ஒருவன் வெளிப்படக்கூடும்.

“எத்தனை வருஷம்” என்ற கேள்வியை விலக்கச் சொல்லவில்லை. அது அச்சத்திலிருந்தும் பாசத்திலிருந்தும் வருவது. தனியே வந்து கேளுங்கள், மறைக்காமல் பேசுவேன். பையனே அறிய விரும்பினால் அவன் வயதுக்கேற்ப அவனுக்கும் சொல்வேன். ஆனால் அவனோடு நீங்கள் வரும் நாளில் முதல் நாற்காலி அவனுடையது. “இந்த மாதம் உனக்கு எப்படிப் போயிற்று, தம்பி?” என்று அவனிடமே தொடங்குவேன். அவன் பேசி முடிக்கும்வரை நாம் இருவரும் சற்றுக் காத்திருப்போம்.