எந்த மொழியில் பரிசோதிக்கிறீர்கள்?

நோய்க்கு மொழி கிடையாது என்று சொல்லும் படித்த நண்பர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். சின்னமுத்துக்கு மொழி கிடையாதுதான். உடம்பைப் பார்த்தால் போதும். ஓட்டிசத்தை எந்த இரத்தப் பரிசோதனையும் எந்த ஸ்கேனும் காட்டித் தராது. பிள்ளை பேசுவதையும் பார்ப்பதையும் விளையாடுவதையும் அவதானித்து, பெற்றோரிடம் கேட்டே முடிவு செய்கிறார்கள். கேட்பதும் சொல்வதுமே பரிசோதனை என்றான பிறகு மொழிக்கு அங்கே வேலையில்லை என்பது என்ன நியாயம்?

எம்-சாட் என்றொரு வினாக்கொத்து உண்டு. 2001இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 'ஓம்', 'இல்லை' என்று தாய் பதில் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையில் இதைக் கொண்டு 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் இருந்தது. அந்த வினாக்கொத்து அவர்களில் பிடித்தது நூற்றுக்கு 25தான். நாலு பிள்ளையில் மூன்று தப்பிப் போயிற்று.

ஏன் என்பது எங்களூர் உம்மாமாரிடம் பேசினால் விளங்கும். "வேணுங்கிறதைக் காட்டுவானா?" என்று கேளுங்கள். "ஓம், கையப் புடிச்சி இழுத்துப் போய்க் காட்டுவான்" என்பார்கள். தாளில் 'ஓம்' விழுந்துவிடும். கேள்வியோ விரலால் சுட்டுவதைப் பற்றியது. சுட்டாமல் பெரியவரின் கையை ஒரு கருவிபோல இழுத்துச் செல்வது கவனிக்க வேண்டிய அறிகுறிகளில் ஒன்று!

என்னிடம் முதலாம் தரத்தில் படித்த பொடியன் ஒருவனைத் தூரத்து வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. சிற்றூழியர் ஒருவர் நின்று மொழிபெயர்த்தார். "பேர் என்ன?" என்றால் "பேர் என்ன?" என்று கேட்டதையே திருப்பிச் சொல்லும் பிள்ளை அவன். 'கதைக்கிறான்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தமிழ் தெரிந்த காதுக்கு அந்த எதிரொலி ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளரை நியமிக்காதவர்களைத்தான் சொல்கிறேன்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்களல்ல. "ஆம்பிளப் புள்ள, பிந்தித்தான் பேசும்" என்று உம்மும்மா சொல்வார். 'குழப்படிக்காரன்' என்று ஆசிரியர் பின்வாங்கில் இருத்துவார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பியாஜேயைக் கரைத்துப் புகட்டினார்கள். ஓட்டிசம் என்ற சொல் ஒருநாளும் காதில் விழவில்லை.

பெரேரா குழுவினரே பின்னர் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். சொல் தடுக்கும் இடத்தில் படம் கைகொடுக்கிறது. எங்களூர்க் கிளினிக்கில் குடும்பநல மாதுவின் கையில் அந்தப் படங்கள் இருக்க வேண்டும், அடியில் தமிழ் எழுத்தோடு. பரிசோதிக்க வருபவர் வகுப்பறையிலும் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து பார்க்க வேண்டும். கதிரை நான் போட்டுத் தருகிறேன்.