ஒரு மின்மானிக்குப் பின்னால் எத்தனை அடுப்புகள்?

மின்கட்டணம் கூட்டப்படும் வேளைகளில் கூக்குரல் எழுவதும் குறைக்கப்படும் வேளைகளில் அது அடங்கிவிடுவதும் எமது நாட்டில் வழமையாகிவிட்டது. எத்தனை சதவீதம் கூடியது, எத்தனை சதவீதம் குறைந்தது என்பதே பாராளுமன்றத்திலும் ஊடகங்களிலும் விவாதப் பொருளாகின்றது. அந்தச் சதவீதம் யாருடைய மின்பட்டியலில் எவ்வாறு வந்து விழுகின்றது என்பது குறித்து எவரும் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. தெமட்டகொடை போன்ற கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே மின்மானியைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன. கட்டணம் கூடிய காலத்திலும் குறைந்த காலத்திலும் அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி ஒன்று மாறாமல் தொடர்ந்து வந்திருக்கின்றது. அது கட்டணத்தின் அளவில் உள்ள அநீதி அல்ல; கட்டணம் கணக்கிடப்படும் முறையிலேயே உள்ள அநீதி.

கடந்த சில வருடங்களின் வரலாற்றைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது பொருத்தமானது. ஒன்பது வருடங்களாகக் கூட்டப்படாதிருந்த மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் அதிகரிக்கப்பட்டது. சராசரி என்ற சொல் இங்கு உண்மையை மறைத்துவிடுகின்றது. மாதமொன்றுக்கு 25 அலகுகளை மட்டும் பாவிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அந்த வீட்டின் பட்டியல் 92 ரூபா 50 சதம். 2023 பெப்ரவரியின் பின்னர் அதுவே 1,150 ரூபா. பாவனையில் ஓர் அலகுதானும் கூடாமல், ஏழு மாதங்களுக்குள் பட்டியல் பன்னிரண்டு மடங்கிற்கு மேல் உயர்ந்தது.

இரண்டாவது அதிகரிப்பைப் பகிரங்கமாக எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அப்போதைய தலைவர் ஜனக ரத்நாயக்க, 2023 மே 24 ஆம் திகதி பாராளுமன்ற வாக்கெடுப்பின் மூலம் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அந்த ஆண்டில் பட்டியலைச் செலுத்த முடியாமல் மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்ட பாவனையாளர்களின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியதாகப் பின்னர் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவொன்று சுட்டிக்காட்டியது.

மின்சாரம் கைக்கெட்டாது போனால் வேறு வழிகளை நாடலாமே என்று கூறுவதற்கும் அன்று இடமிருக்கவில்லை. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 2022 ஏப்ரலில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக உயர்ந்தது. ஏழைகளின் எரிபொருள் எனப்பட்ட மண்ணெண்ணெயின் விலை அதே ஆண்டு ஓகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக்கப்பட்டது. விளக்கு, அடுப்பு இரண்டும் ஒரே நேரத்தில் எட்டாத பொருட்களாகின.

இதன் பின்னர் நிலைமை ஓரளவு தணிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 2023 ஜூலையில் ஒரு குறைப்பு, ஒக்டோபரில் ஓர் அதிகரிப்பு, 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் மீண்டும் குறைப்புகள், 2025 ஜனவரியில் 20 சதவீதக் குறைப்பு, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீத அதிகரிப்பு எனக் கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 2025 ஒக்டோபரில் மின்சார சபை கோரிய 6.8 சதவீத அதிகரிப்பை ஆணைக்குழு நிராகரித்தது. ஆனால் இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் மாறாதிருந்த ஒன்று உண்டு. அதுதான் மாதமொன்றுக்கு 60 அலகுகள் என்ற எல்லைக்கோடு.

வீட்டுப் பாவனைக்கு இரண்டு கட்டண அட்டவணைகள் இருக்கின்றன. 60 அலகுகளுக்குள் நிற்பவர்களுக்கு ஒன்று. அதைத் தாண்டுபவர்களுக்கு மற்றொன்று. தாண்டியவர்களுக்கு 61 ஆவது அலகு மாத்திரம் விலை கூடுவதில்லை. முதல் 60 அலகுகளுக்கான சலுகையும் பறிபோகின்றது. நிலையான கட்டணமும் உயர்கின்றது. 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையின்படி, வரி நீங்கலாக, 60 அலகுகளுக்கான பட்டியல் 585 ரூபா. 61 அலகுகளுக்கான பட்டியலோ 1,183 ரூபா 50 சதம். ஒரேயொரு அலகின் விலை ஏறத்தாழ 600 ரூபா. எண்கள் காலத்துக்குக் காலம் மாறலாம். படுகுழி அதே இடத்தில்தான் இருந்து வருகின்றது.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. குறைந்தளவு மின்சாரம் பாவிப்பவன் ஏழை, கூடுதலாகப் பாவிப்பவன் வசதி படைத்தவன் என்ற எடுகோளின் அடிப்படையில், வசதி படைத்தவரின் முதல் 60 அலகுகளுக்கும் சலுகை போய்ச் சேரக்கூடாது என்பதற்காகவே இரண்டாவது அட்டவணை வகுக்கப்பட்டது. ஒரு மின்மானிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கும் வரையில் இந்த எடுகோள் பெருமளவுக்குச் சரியானது. பல குடும்பங்கள் இருக்கும்போது அது தலைகீழாகிவிடுகின்றது.

தெமட்டகொடையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டிய அவசியமில்லை. பேஸ்லைன் வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கைகளில், தோட்டங்கள் என்று அழைக்கப்படும் குடியிருப்புகளில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சுவரோடு சுவராக வாழ்ந்து வருகின்றனர். தாய் தந்தையர் கீழே, மணமான மகன் மேல்தட்டில், பின்னறையில் வாடகைக்கு ஒரு குடும்பம் என ஒரே இலக்கத்தில் இரண்டு மூன்று உலைகள் கொதிப்பது அங்கு சாதாரணம். மின்மானி மட்டும் ஒன்றே ஒன்று. தனியான மின்னிணைப்புப் பெறுவதற்குத் தனியான வீட்டிலக்கமும் குடியிருப்பு உரிமையைக் காட்டும் ஆவணமும் தேவை. அவை இல்லாதவர்களே இவ்வாறான இடங்களில் அதிகம். அங்கிருந்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தவர்களிடையேயும் இதே நெருக்கடி உண்டு. பழைய வீட்டில் எத்தனை குடும்பங்கள் இருந்தாலும் வீட்டுக்குப் பதிலாக ஒரு மாடிவீடு என்ற அடிப்படையே பல இடங்களில் பின்பற்றப்பட்டதாக நீண்டகாலமாக முறைப்பாடு இருந்து வருகின்றது. மாடியில் விறகு எரிக்கவும் இயலாது.

கணக்கைப் பார்ப்போம். ஆளுக்கு 40 அலகுகள் பாவிக்கும் மூன்று குடும்பங்கள் தனித்தனி மின்மானி வைத்திருந்தால், மேற்கூறிய 2025 ஜூன் அட்டவணைப்படி ஒவ்வொரு குடும்பமும் 425 ரூபா செலுத்தும். மூன்றுக்குமாக 1,275 ரூபா. அதே மூன்று குடும்பங்கள் ஒரே மின்மானியில் இருந்தால் 120 அலகுகளுக்கான பட்டியல் 3,040 ரூபா. குடும்பமொன்றின் பங்கு ஆயிரம் ரூபாவைத் தாண்டுகின்றது. இன்னொரு புறத்தில், கடற்கரையை அண்டிய தொடர்மாடியில், வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்கு, ஏனைய மாதங்களில் 30 அலகுகளுக்குள் பட்டியல் வருவதால் ஏழைக்குரிய சலுகை தங்குதடையின்றிக் கிடைக்கின்றது. மின்மானி எண்ணுவது அலகுகளை மட்டுமே. அதற்குப் பின்னாலுள்ள வயிறுகளை அல்ல.

வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் மோசமானது. அவர் பட்டியலைக் கண்ணால் காண்பதும் அரிது. வீட்டுக்காரர் அலகுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கூறுவார். அல்லது மொத்தத் தொகையைத் தலைக்கணக்கில் பிரிப்பார். கட்டணம் குறைக்கப்பட்ட செய்தி பத்திரிகையில் வரும். பின்னறைக்கு அது வந்து சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. வீட்டுக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமாகாது. மேலட்டவணையில் தள்ளப்பட்டவர் அவரும்தான். ஒரே முற்றத்தில் வாழ்பவர்களிடையே மாத முடிவில் மூளும் மனத்தாங்கல்களுக்கு இந்த மின்பட்டியலும் ஒரு காரணம்.

சிக்கனமாகப் பாவியுங்கள் என்று மக்களுக்குப் புத்திமதி கூறுவது எளிது. சிக்கனத்துக்கு இடமில்லை என்று நாமும் கூறமாட்டோம். மாதத்துக்கு 60 அலகுகள் என்றால் நாளொன்றுக்கு இரண்டு அலகுகள். பட்டியல் வரும்வரை காத்திராமல் வாரத்துக்கு ஒரு தடவை மின்மானியைப் பார்த்துக் குறித்துவைத்தால், 14 அலகுகளைத் தாண்டிவிட்டோமா என்பது உடனே தெரிந்துவிடும். 60 வாற்று பழைய மின்குமிழ் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகுகள். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகுக்கும் குறைவு. 1,000 வாற்று மின்னழுத்தி தினமும் இருபது நிமிடம் பாவித்தால் 10 அலகுகள். அதனை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கினால், ஒவ்வொரு நாளும் அது சூடாவதற்கே செலவாகும் மின்சாரம் மிஞ்சும்.

ஆனால் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று எல்.ஈ.டி. குமிழ்கள் 4 அலகுகள், நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுழலும் 75 வாற்று மின்விசிறி 22.5 அலகுகள், நான்கு மணித்தியாலம் தொலைக்காட்சி சுமார் 7 அலகுகள், ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி சுமார் 30 அலகுகள் எனக் கூட்டினால் 63 அலகுகளைத் தாண்டிவிடுகின்றது. இதில் சோறு சமைக்கும் மின்பானையும் இல்லை, மின்னழுத்தியும் இல்லை. மார்ச், ஏப்ரல் மாத வெக்கையில் தகரக் கூரையின் கீழ் குழந்தையை உறங்கவைக்கும் தாயிடம் மின்விசிறியை நிறுத்து என்று எவரால் கூற முடியும்? அதே விசிறியை 30 வாற்றில் சுழலும் புதிய வகை விசிறியாக மாற்றினால் மாதத்துக்கு 13.5 அலகுகள் மிச்சமாகி, அந்த வீடு 50 அலகுகளில் நின்றுவிடும். பட்டியல் 1,239 ரூபாவிலிருந்து 505 ரூபாவாக இறங்கும். மிச்சம் மாதம் 700 ரூபாவுக்கு மேல். ஆயினும் புதிய விசிறியின் விலையை மொத்தமாகக் கொடுக்கக்கூடியவர் அந்த வீட்டில் இல்லை என்பதே பிரச்சினை. சிக்கனத்துக்கும் முதல் வேண்டியிருக்கின்றது. கூரைமேல் சூரியமின் தகடுகளைப் பொருத்தியோர் பட்டியலின்றித் தப்பிக்கொள்ள, கூரையே சொந்தமில்லாதவர் முழுச்சுமையையும் ஏற்கின்றார்.

இதற்கு வழிகாண முடியாது என்பதல்ல. பக்கத்து நாட்டுத் தலைநகரில் இதே பிரச்சினை எழுந்தது. 2019 ஓகஸ்டில் டில்லி மாநில அரசு 200 அலகுகள் வரை இலவச மின்சாரம் வழங்கியபோது, ஒரே மின்மானியின் கீழ் வாழ்ந்த வாடகைக் குடும்பங்களுக்கு அதன் பயன் கிட்டவில்லை. அடுத்த மாதமே, வாடகை ஒப்பந்தத்தையோ பற்றுச்சீட்டையோ காட்டி, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமலேயே, வாடகைதாரர் தமது பெயரில் முற்கொடுப்பனவு மின்மானியைப் பெறும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இலவச மின்சாரம் எமது நாட்டுக்குப் பொருந்துமா என்பது வேறு விவாதம். சலுகை உரியவரைச் சென்றடையத் தனி மின்மானியே வாசல் என்று அங்கு உணரப்பட்டதே இங்கு கவனத்துக்குரியது.

இதில் துஷ்பிரயோகம் நிகழாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு 100 அலகுகளை இலவசமாக வழங்கும் நடைமுறை 2016 இல் ஆரம்பமானது. அங்கு ஒரே வீட்டுக்குப் பல இணைப்புகளைப் பெற்று ஒவ்வொன்றிலும் சலுகையை அனுபவிப்போர் இருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதுண்டு. ஆனால் எமது நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் விபரமும் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கின்றது. வாக்காளர் இடாப்பு இருக்கின்றது. 2023 இல் ஆரம்பிக்கப்பட்ட அஸ்வெசும திட்டத்துக்காக வீடு வீடாகத் திரட்டப்பட்ட தகவல்கள் இருக்கின்றன. இத்தனையும் இருக்க, ஒரு கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள் என்பதைக் கண்டறிய முடியாது என்பது நொண்டிச்சாட்டாகும்.

ஆகவே மூன்று விடயங்களை அதிகாரிகள் கவனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, வாடகைக்கும் கூட்டாகவும் வாழும் குடும்பங்கள் காணி உறுதி இன்றி, கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியுடன் தனி மின்மானி பெறுவதற்கு வழிசெய்யப்பட வேண்டும். தனி இணைப்புக்கு இடவசதி இல்லாத வீடுகளில், அத்தாட்சிப்படுத்தப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 60 அலகு எல்லை பெருக்கிக் கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது, அந்த எல்லையில் உள்ள படுகுழி ஒரு சாய்தளமாக மாற்றப்பட வேண்டும். 61 ஆவது அலகுக்காக முன்னைய அறுபதுக்குமான சலுகையையும் பிடுங்கிக்கொள்வது வறுமைக்கோட்டில் தத்தளிப்பவர்களையே முதலில் தாக்குகின்றது. மூன்றாவது, சிக்கன விசிறிகளையும் குமிழ்களையும் மாதப் பட்டியலுடன் சேர்த்துத் தவணை முறையில் வழங்க வேண்டும். இந்தியாவில் 2015 இல் ஆரம்பிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் அதிகமான எல்.ஈ.டி. குமிழ்கள் மலிவு விலையில் மக்களைச் சென்றடைந்தன என்பது நினைவுகூரத்தக்கது.

இவற்றால் வருமானம் குறையும் என்று கூறப்படலாம். மின்சாரத்தின் உற்பத்திச் செலவை எவரேனும் செலுத்தித்தான் ஆகவேண்டும் என்பதையும், சர்வதேச நாணய நிதியத்துக்கு 2023 இல் வழங்கப்பட்ட வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. செலவை மீளப்பெறுவது ஒன்று. அதனை யாரிடமிருந்து மீளப்பெறுவது என்பது வேறொன்று. கைவிடப்படுவது உரிய வருமானமல்ல, தவறான இடத்திலிருந்து அறவிடப்படும் வருமானம். மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கான சட்டம் 2024 இல் நிறைவேற்றப்பட்டு 2025 இல் திருத்தப்பட்டது. பட்டியலின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், கட்டண அமைப்பு இவ்வாறே இருக்குமாயின் சாதாரண மக்களுக்கு அதனால் விமோசனம் எதுவுமில்லை.

கட்டணத் திருத்தங்களின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்துகளைக் கோருகின்றது. கைத்தொழிலதிபர்களும் ஹோட்டல் உரிமையாளர்களும் பாவனையாளர் அமைப்புகளும் அங்கு சென்று தமது தரப்பை எடுத்துரைக்கின்றனர். ஒரே மின்மானியின் கீழ் வாழும் குடும்பங்களின் குரலும் அங்கு ஒலிக்க வேண்டும். தெமட்டகொடை, வனாத்தமுல்லை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளின் மாநகரசபை உறுப்பினர்களும் சனசமூக நிலையங்களும் பள்ளிவாசல், கோயில், விகாரை நிர்வாகங்களும் தத்தமது ஒழுங்கைகளில் எத்தனை மின்மானிகள், அவற்றின் பின்னால் எத்தனை குடும்பங்கள் என்ற கணக்கை எடுத்து ஆணைக்குழுவின் முன் வைக்க முன்வர வேண்டும். அடுத்த திருத்தம் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னர், அது யாருடைய வீட்டு விளக்கை அணைக்கப்போகின்றது என்று கேட்பதற்கு அந்தக் கணக்கு அவசியம்.