பெயரை மாற்றினால் தொழிலாளி முதலாளியாகிவிடுவாரா?

தொழிலாளத் தோழர்களே!

நேற்றுவரை செக்ரோலில் பெயர் இருந்த பால்மரத் தொழிலாளியிடம் இன்று ஒரு தாளை நீட்டுகின்றனர். "இனி நீ தொழிலாளி அல்ல; சொந்தத் தொழில் செய்யும் குத்தகையாளர். கையெழுத்துப் போடு!" என்கின்றனர். ஆகா, என்ன பதவி உயர்வு! இப்பதவிக்குச் சேமநிதி இல்லை. சம்பளத்துடன் விடுமுறை இல்லை. பிரசவ விடுப்பும் இல்லை.

கணக்குப் பார்ப்போம். அறுபது வயதுக்குட்பட்ட உள்நாட்டுத் தொழிலாளியின் 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டிய சேமநிதி 13 விழுக்காடு. மாதம் 221 ரிங்கிட். ஆண்டுக்கு 2,652 ரிங்கிட். பெயர் மாற்றத்தின் இரகசியம் இதுதான்!

நாம் கேட்கிறோம்: விடியுமுன் பெரட்டுக்கு வரச் சொல்பவர் யார்? எந்த நிரையை வெட்டுவது, பட்டையை எப்படிச் சீவுவது என்று கட்டளையிடுபவர் யார்? மரம் யாருடையது? ஸ்டோரில் பாலை நிறுத்து எடுத்துக்கொள்பவர் யார்? எல்லாம் நிர்வாகம்! மழை நாளின் நட்டம் மட்டும் தொழிலாளிக்கா?

சொந்த லாரியும் ஆட்களும் வைத்து, நாலு தோட்டங்களில் பேரம் பேசி வேலை எடுப்பவர் குத்தகையாளர்தாம், நாம் மறுக்கவில்லை. கத்தியும் வாளியுமாக ஒரே தோட்டத்தில் உழைப்பவரை அப்பெயரால் அழைப்பது ஏமாற்று.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், 2023 ஜனவரி 1 முதல் 101சி பிரிவு சேர்ந்துள்ளது. எழுத்துமூல வேலை ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையும் நேரமும் யார் கட்டுப்பாட்டில், கருவி யார் தந்தது, அவ்வேலை யார் தொழிலின் முக்கிய அங்கம், வருமானத்தின் பெரும்பகுதி யாரிடமிருந்து என்பன போன்ற அறிகுறிகளைக் கொண்டு, ஒருவரைத் தொழிலாளி என்றே வழக்கில் அனுமானிக்கலாம். இல்லையென்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு.

"கிலோக் கணக்கில்தானே கூலி?" என்பர். அதே சட்டம், மாதச் சம்பளத்தைப்போல் அளவுக் கூலியையும் சம்பளமாகவே கணக்கிடுகிறது.

கிராணி நண்பர்களே! "ஆலோசகர்", "சேவையாளர்" என்னும் பட்டங்களுடன் இதே தாள் ஆபீசுக்குள்ளும் வருகிறது. செக்ரோலில் பிறர் பெயரை அடிக்கச் சொல்லும் கை, நாளை உங்கள் பெயரையும் அடிக்கும்.

சட்டம் தானாக நடந்து நம் லயத்துக்கு வராது. படிக்காமல் கையெழுத்திடாதீர்! தாளைச் சங்கத்துக்குக் கொண்டு வாரீர்! சம்பளச் சீட்டையும் பால் நிறைச் சீட்டையும் பத்திரப்படுத்துவீர்! தேவையானால் தொழிலாளர் இலாகாவுக்குச் சேர்ந்தே செல்வோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!