பீரோ சாவி



நான் வேலையில் இருந்தபோது சேர்க்கைப் பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்டுவோம். இன்று அதே விவரங்கள், ஆதார் எண்ணோடு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கின்றன.

போன மாதம் என் தங்கை மகளுக்கு ஒரு போன். பையன் பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்லி, "உதவித்தொகை வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்றான். நம்பிச் சொன்னாள். 7,000 ரூபாய் போயிற்று. 1930-இல் புகார் செய்திருக்கிறோம்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். பெற்றோர்களே, ஆதார் நகல் கேட்டால் முழு எண்ணும் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் பிறந்த தேதியை மாற்ற முடியுமா? நம்மை நம்பிக் கொடுத்ததைப் பூட்டி வைப்போம்.